வசந்தத்தில் ஏறாத ஓசோன்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவில் மௌனா லோவா என்ற எரிமலை படுத்துக் கிடக்கிறது. அதன் வடக்குச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து 3,397 மீட்டர் உயரத்தில், உறைந்துபோன கறுப்புக் குழம்புப் பாறைகளுக்கு இடையே ஓர் ஆய்வகம் இருக்கிறது. சுற்றிலும் மரமோ ஊரோ கிடையாது. அருகிலுள்ள கண்டத்துக்குப் போக 3,500 கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்ட வேண்டும். 1958இல் சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியது இங்கேதான். அவர் வரைந்த ஏறுகோட்டைப் பள்ளிப் பாடநூல்களிலேயே பார்க்கலாம். அதே வளாகத்தில் 1970களிலிருந்து ஓசோனையும் அளந்துவருகிறார்கள். அந்தக் கோட்டுக்கு அவ்வளவு புகழ் கிடைக்கவில்லை. ஆனால் எனக்கு அதுதான் சுவாரசியமான கோடு, ஏனென்றால் அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அளக்கும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலில் வெயில் பட்டுப் பாறை சுடும்போது காற்று சரிவில் மேலேறி வரும். கீழே கடற்கரையின் ஈரம், தீவின் புகை, தோட்டங்களின் மூச்சு எல்லாம் அதில் கலந்திருக்கும். ராத்திரியில் பாறை குளிர்ந்ததும் போக்கு தலைகீழாகிறது. உயரத்திலிருந்து காற்று சரிவில் வழிந்து கீழிறங்குகிறது. அது தீவைத் தொடாத காற்று, பசிபிக்கின் நடுவானில் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணப்பட்டு வந்த காற்று. ஆகவே உலகக் காற்றின் நிலையை அறிய விரும்புகிறவர்கள் ராத்திரி அளவுகளைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

வசந்த காலத்தில் அந்தக் காற்று பெரும்பாலும் ஆசியாவிலிருந்து வருகிறது. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் உயர் காற்றோட்டங்கள் சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் தொழிற்சாலைப் புகையையும் வாகனப் புகையையும் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் பத்து நாளில் பசிபிக்கைக் கடந்துவிடுகின்றன. 1990களுக்குப் பிறகு சீனாவின் நைட்ரஜன் ஆக்சைடு வெளியீடு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியது. ஓசோன் அந்த வாயுக்களிலிருந்து விளைவது. எனவே மௌனா லோவாவின் வசந்தகால ஓசோன் ஏறியே ஆக வேண்டும் என்று யாரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் நாற்பது ஆண்டு அளவுகளைப் பரப்பிப் பார்த்தபோது வசந்தத்தில் குறிப்பிடத்தக்க ஏற்றமே தென்படவில்லை. ஆசியப் புகை அவ்வளவாக வந்து சேராத பருவம் என்று கருதப்பட்ட இலையுதிர்காலத்தில்தான் ஓசோன் தெளிவாக ஏறியிருந்தது.

கருவி பழுதா என்றால், இல்லை. காற்றின் வேதியியலை நாம் தப்பாகப் படித்திருக்கிறோமா என்றால், அதுவும் இல்லை. விடை கடலில் இருந்தது. அங்கே போகும் முன் ஓசோனைப் பற்றியே நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். தமிழில் இந்தச் சொல் சுமக்கும் குழப்பம் கொஞ்சமல்ல.

மார்கழி விடியலில் ஓசோன் படலம் பூமிக்குப் பக்கத்தில் இறங்கி வருகிறது, அதனால்தான் முன்னோர் நம்மை அதிகாலையில் எழுந்து கோலம் போடச் சொன்னார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வலம் வரும். கோலம் போடுவதற்கு ஆயிரம் நல்ல காரணங்கள் உண்டு. இது அவற்றில் ஒன்றல்ல. ஓசோன் படலம் தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது. எந்த மாதத்திலும் வாசலுக்கு வராது. வந்தாலும் வரவேற்க முடியாது: ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு, ஆஸ்துமாக்காரர்களுக்கு எதிரி, கோதுமை நெல் பயிர்களின் விளைச்சலைக் குறைப்பது. இன்னொரு விஷயம், தரையோரக் காற்றில் அது மிகக் குறைவாக இருக்கும் நேரமே விடியற்காலைதான். அதை உண்டாக்க வெயில் வேண்டும். ராத்திரியில் உற்பத்தி நின்றுபோய், இருப்பதையும் வாகனப் புகையின் நைட்ரிக் ஆக்சைடு தின்றுவிடுகிறது. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் அதன் உச்சம்.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1839இல் பாசெல் நகரத்தில் கிறிஸ்டியான் ஷோன்பைன் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சும்போது ஒரு விசித்திர வாடையைக் கவனித்தார். இடி இடித்த பிறகு வரும் அதே வாடை. நம் ஜெராக்ஸ் கடைகளில் பழைய இயந்திரம் சூடேறினால் வருமே, அது. கிரேக்க மொழியில் மணப்பது என்ற பொருளில் ஓசோன் என்று பெயர் வைத்தார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் கடற்காற்றில் ஓசோன் நிறைந்திருப்பதாக நம்பி, அதைச் சுவாசிக்கக் கடற்கரை விடுதிகளுக்குப் படையெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வெப்பமண்டலக் கடல்மேல் தவழும் காற்றைப் போல ஓசோன் வறண்ட காற்று வேறு கிடைப்பது அரிது.

ஏன் என்று கேட்டால் இந்தப் புதிரின் சாவி கிடைத்துவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்கும்போது ஓர் ஆக்சிஜன் அணு தனியாகத் தெறிக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு ஓசோன் ஆகிறது. பெட்ரோல் ஆவி, பெயின்ட் ஆவி, ஓக் மரங்கள் சூட்டில் வியர்க்கும் ஐசோப்ரீன் போன்ற கரிம வாயுக்கள் இந்த வேலையை மேலும் மேலும் நடக்கச் செய்கின்றன. இது பிறப்பு. இறப்பும் வெயிலால்தான். புறஊதாக் கதிர் பட்டு ஓசோன் உடைகிறது. பக்கத்தில் நீராவி இருந்தால், உடைந்த துண்டு அதோடு வினைபுரிந்து திரும்பி வர முடியாதபடி போய்விடுகிறது. உலர்ந்த காற்றில் அந்தத் துண்டு மறுபடி ஓசோனாகவே சேர்ந்துவிடும். உயரத்தில், குளிரில், வறட்சியில் ஓசோன் வாரக் கணக்கில் வாழும். ஈரமான வெப்பமண்டலக் கடற்பரப்பில் சில நாள்தான்.

ஆக, கடலிலிருந்து மேகம் பொங்கி எழும் இடமெல்லாம் ஓசோன் குறைந்த ஈரக்காற்று மேலே இறைக்கப்படுகிறது. மேலிருந்து காற்று இறங்கும் இடமெல்லாம் உலர்ந்த, ஓசோன் மிகுந்த காற்று கீழே வருகிறது. மேகம் எங்கே பொங்கும், காற்று எங்கே இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடலின் சூடு. அந்தச் சூடு இடம் மாறினால், புகைபோக்கிகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறாமலே, ஓசோன் வரைபடம் மாறிவிடும்.

பசிபிக்கில் அந்தச் சூடு இடம் மாறுவதன் தடயத்தை எண்களில் பிடித்தவர் சிம்லாவில் இருந்த ஒருவர் என்பது நமக்குக் கொஞ்சம் பெருமை. 1877இலும் 1899இலும் பருவமழை பொய்த்து இந்தியாவில் பெரும் பஞ்சங்கள் வந்தன. மழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடும் பொறுப்போடு 1904இல் வானிலைத் துறைத் தலைவராக வந்தார் கில்பர்ட் வாக்கர். அவர் கேம்பிரிட்ஜ் கணிதர், பூமராங் எறிவதில் பித்து கொண்டவர். உலகெங்குமிருந்து காற்றழுத்த அளவுகளை வரவழைத்து, எழுத்தர்களைக் கையால் கணக்குப் போட வைத்தார். பசிபிக்கின் ஒருபுறம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்று கண்டு, 1924இல் அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். பருவமழையை அவரால் சரியாகக் கணிக்க முடியவில்லை. ஆனால் பெருவின் மீனவர்கள் கிறிஸ்துமஸ் ஒட்டி வரும் வெந்நீரோட்டத்துக்குக் குழந்தை இயேசு என்ற பொருளில் வைத்திருந்த பெயரும், வாக்கரின் அலைவும் ஒரே மிருகத்தின் தலையும் வாலும் என்று 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார். அந்த மிருகம்தான் எல் நினோ. அதன் எதிர்நிலை லா நினா.

சாதாரண ஆண்டில் வியாபாரக் காற்றுகள் வெந்நீரை மேற்கே இந்தோனேசியாப் பக்கம் தள்ளிக் குவிக்கின்றன. மேகம் அங்கே பொங்குகிறது. காற்று கிழக்கே தென்னமெரிக்கக் கரையோரம் இறங்குகிறது. எல் நினோ வந்தால் காற்று தளர்ந்து வெந்நீர் கிழக்கே பரவுகிறது, மேகக் கூட்டமும் அதன் பின்னாலேயே நடுப்பசிபிக்குக்கு நகர்ந்துவிடுகிறது. இந்தோனேசியாவின் மேல் காற்று இறங்க ஆரம்பிக்கிறது. அங்கே மழை பொய்க்கிறது, நீராவி குறைகிறது, ஓசோன் ஏறுகிறது. கிழக்குப் பசிபிக்கில் நேர் எதிராக ஓசோன் இறங்குகிறது. ஏற்றப்பலகையில் இரண்டு பிள்ளைகள் ஆடுவது போல.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சிக்கல் இருந்தது. செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பது மொத்த ஓசோனை. அதில் பத்தில் ஒன்பது பங்கு மேலே அடுக்குவளி மண்டலத்தில் இருக்கிறது. நமக்கு வேண்டியது கீழே அடிவளி மண்டலத்தில் இருக்கும் அந்தப் பத்திலொன்று. அதை எப்படிப் பிரிப்பது? நாசாவின் ஜெரி ஸீம்கி, சுஷில் சந்திரா, பவன் பார்த்தியா மூவரும் 1998இல் வெளியிட்ட உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. வெப்பமண்டல இடிமேகங்கள் அடிவளி மண்டலத்தின் கூரைவரை எழும்பும். அப்படி ஒரு மேகத்தின் தலைக்கு மேலே பார்த்தால் செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேலடுக்கு ஓசோன் மட்டும். கீழே இருப்பதை மேகம் மறைத்துவிடுகிறது. பக்கத்தில் மேகமில்லாத இடத்தில் பார்த்தால் மொத்தமும் தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கீழடுக்கு ஓசோன் கையில் கிடைத்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகச் சபிக்கும் மேகத்தையே அளவுகோலாக்கிவிட்டார்கள்.

அந்த வேளையில்தான் பசிபிக்கும் ஒரு பெரிய சோதனையைத் தானாகவே நடத்திக் காட்டியது. 1997ஆம் ஆண்டு எல் நினோ இருபதாம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று. அந்த ஆண்டின் பிற்பகுதியில் மேற்குப் பசிபிக் மேல் கீழடுக்கு ஓசோன் 10 முதல் 20 டாப்சன் அலகு வரை உயர்ந்தது. கிழக்கே 4 முதல் 8 அலகு குறைந்தது. ஒரு டாப்சன் அலகு என்பது, தலைக்கு மேலுள்ள ஓசோனை எல்லாம் தரையில் இறக்கி விரித்தால் வரும் தடிமனில் நூறில் ஒரு மில்லிமீட்டர். அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பகுதியில் வழக்கமாக இருக்கும் கீழடுக்கு ஓசோனே 20 அலகை ஒட்டித்தான். அப்படியானால் சில இடங்களில் ஏறக்குறைய இரட்டிப்பு.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்களுக்கு அந்த ஆண்டை நினைவுபடுத்தத் தேவையில்லை. புகைமூட்டம் என்ற சொல் அங்கே அன்றாடப் பேச்சானது அப்போதுதான். சரவாக்கில் காற்றுத் தரக் குறியீடு 800ஐத் தாண்டி, செப்டம்பரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. போர்னியோவிலும் சுமாத்திராவிலும் காடு மட்டும் எரியவில்லை, தரையே எரிந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் வேரும் மக்காமல் சதுப்பில் அமிழ்ந்து கரியாகிக்கொண்டிருந்த நிலம் அது. மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்குகிறோம் என்று 1996இல் தொடங்கிய அரசுத் திட்டம் அந்தச் சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டிருந்தது. அடுத்த ஆண்டே எல் நினோ. அந்தத் தீயில் வெளியேறிய கார்பன், உலகம் ஓர் ஆண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிடுவதில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம் என்று பின்னால் கணக்கிட்டார்கள். வாய்க்காலை வெட்டியது மனிதன், தீக்குச்சியைக் கிழித்ததும் மனிதன். இந்தக் கதையில் கடலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

இருந்தாலும் வேதியியலாளர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. ஏறிய ஓசோனில் தீயின் பங்கு எவ்வளவு, காற்று இறங்கியதன் பங்கு எவ்வளவு? கணினி மாதிரியில் தீயை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். தீ இல்லாமலும் ஓசோன் கணிசமாக ஏறியது. ஜாவாவின் வாட்டுகோசெக் தளத்திலிருந்து பறக்கவிட்ட பலூன் கருவிகளும் உயரத்தில் ஓசோன் கூடியதைக் காட்டின. ஏற்றப்பலகை இவ்வளவு துல்லியமாக ஆடுவதில் ஒரு வசதி பிறந்தது: மேற்குப் பசிபிக் ஓசோனிலிருந்து கிழக்குப் பசிபிக் ஓசோனைக் கழித்தால் வரும் எண்ணை வைத்தே எல் நினோவைப் பின்தொடரலாம். 2010இல் ஸீம்கி குழுவினர் அதை ஒரு குறியீடாகவே வெளியிட்டார்கள். கடலின் சூட்டை அறியத் தண்ணீரில் வெப்பமானி விட வேண்டியதில்லை, வானத்து ஓசோனைப் பார்த்தாலும் போதும் என்ற நிலை.

எல் நினோவின் கை அடிவளி மண்டலத்தோடு நிற்பதுமில்லை. சுவிட்சர்லாந்தின் அரோசா, ஒரு காலத்தில் காசநோயாளிகள் நல்ல வெயிலைத் தேடிப் போன மலையூர். அங்கே 1926இலிருந்து மொத்த ஓசோனை அளந்துவந்தார்கள். உலகத்தின் மிக நீண்ட ஓசோன் தொடர் அதுதான். 1940 முதல் 1942 வரை அந்த அளவுகள் வழக்கத்தைவிட ரொம்பவும் மேலே இருக்கின்றன. போர்க்காலம், யாரும் கவனிக்கவில்லை. 2004இல் ஸ்டெஃபான் புரோனிமனும் சகாக்களும் பழைய பதிவுகளைத் தூசி தட்டி எடுத்துக் காட்டியது இது: அந்த மூன்று ஆண்டும் நீடித்த ஒரு கடும் எல் நினோ வளிமண்டல அலைகளைத் தூண்டியது, துருவச் சுழலைத் தளர்த்தியது, வெப்பமண்டலத்து மேலடுக்கு ஓசோனை வடக்கே கூடுதலாகக் கொண்டு சேர்த்தது. ஐரோப்பாவை நடுங்க வைத்த அந்தக் குளிர்காலங்களும் அதே முடிச்சில் கட்டப்பட்டவைதான். ரஷ்யப் பனியில் உறைந்த ஜெர்மன் படைகளுக்கும் அரோசாவின் ஓசோனுக்கும் பொதுவான உறவினர் பசிபிக்கில் இருந்தார்.

இப்போது மௌனா லோவாவுக்குத் திரும்பலாம்.

எல் நினோவும் லா நினாவும் ஓரிரு ஆண்டில் வந்து போகும் விருந்தாளிகள். பசிபிக்குக்கு அதைவிட மெதுவான ஓர் ஊசலும் உண்டு, இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை திசை மாறுவது. இதற்குப் பசிபிக் பத்தாண்டு அலைவு என்ற பெயரைக் கொடுத்தவர் வானிலையாளர் அல்ல, மீன்வள ஆய்வாளர் ஸ்டீவன் ஹேர். அலாஸ்காவில் சால்மன் கொழித்தால் வாஷிங்டன், ஓரிகன் பக்கம் வறள்வதும், சில பத்தாண்டுகளுக்குப் பின் அது தலைகீழாவதும் ஏன் என்று 1990களின் நடுவில் தேடிப்போய்க் கண்டுபிடித்தது அது. மீன் பிடிக்கிறவர்களுக்குக் கடல் முதலில் சொல்லிவிடுகிறது என்பது எல் நினோவுக்குப் பிறகு இரண்டாவது முறையாக இங்கே உறுதியாகிறது.

1997இல் தொடங்கிய அந்தப் பெரிய எல் நினோ 1998இல் அடங்கிய பிறகு இந்த மெதுவான ஊசல் திரும்பியது. கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக் பத்தாண்டுக்கும் மேலாகக் குளிர்ந்தே கிடந்தது, லா நினாவே குடியேறிவிட்ட மாதிரி. புவி வெப்பமாதல் நின்றுவிட்டது என்று சிலர் கொண்டாடிய காலம் ஒன்று உண்டே, அதற்கும் இந்தக் குளிர்ச்சிதான் பெரும் காரணம். பிரின்ஸ்டனில் பணிபுரியும் மெய்யுன் லின் தன் குழுவோடு 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குளிர்ச்சியை மௌனா லோவாவின் புதிரோடு சேர்த்து வைத்தது.

எல் நினோ வசந்தங்களில் துணைவெப்பமண்டல ஜெட் காற்றோட்டம் கிழக்கேயும் தெற்கேயும் நீண்டு ஹவாய் வரை கை நீட்டும். ஆசியக் காற்று அதில் ஏறி நேராக மலைக்கு வந்துவிடும். லா நினா மாதிரியான வசந்தங்களில் அந்தக் கை சுருங்கிவிடுகிறது. புகை வடக்கே விலகிப் போகிறது. 2000களில் ஆசியாவில் ஓசோன் மூலப்பொருள்கள் கூடிக்கொண்டே போனது உண்மை. ஆனால் அவற்றை ஹவாய்க்கு எடுத்துவரும் வண்டிகளின் எண்ணிக்கை அதே காலத்தில் குறைந்துவிட்டது. சரக்கு கூடியது, வண்டி குறைந்தது, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக் கோடு தட்டையாகக் கிடந்தது. இலையுதிர்காலத்தில் நடந்தது நேர்மாறு. 1990களின் நடுவிலிருந்து வடபசிபிக்கின் காற்றழுத்த அமைப்பு வேறு கோலம் கொண்டு, யூரேசியாவிலிருந்து ஹவாய்க்கு வரும் ஓட்டம் அந்தப் பருவத்தில் வலுத்தது. ஓசோனும் ஏறியது.

இந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த பகுதி வேறு. லின் குழு ஒரு கற்பனை உலகத்தையும் கணினியில் ஓட்டிப் பார்த்தது. அதில் மனிதர்கள் விடும் புகை ஒரே அளவில் நிறுத்திவைக்கப்பட்டது, காற்று மட்டும் உண்மையில் வீசியபடி வீசியது. அந்த உலகத்திலும் மௌனா லோவாவின் ஓசோன் பத்தாண்டுக் கணக்கில் ஏறி இறங்கியது. புகையே மாறாத உலகத்தில் ஓசோன் மாறுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டு அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆசியாவை ஏசுவதோ மெச்சுவதோ எவ்வளவு ஆபத்து என்று இதைப் பார்த்தால் புரியும்.

அடுத்த ஆண்டே அதே ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் மேற்கு மலைமாநிலங்களுக்குத் தன் விளக்கைத் திருப்பினார். அங்கே பிரச்சினையே வேறு. நெவாடா, கொலராடோ போன்ற உயர்ந்த வறண்ட நிலங்களில் வசந்தத்தில் சில நாள் திடீரென்று ஓசோன் எகிறும். அருகில் தொழிற்சாலை இருக்காது. அந்த ஓசோன் மேலேயிருந்து வருகிறது. ஜெட் காற்றோட்டம் தெற்கே வளைந்து மடியும் இடங்களில் அடுக்குவளி மண்டலத்தின் உலர்ந்த காற்று மடிந்த துணியின் நுனி போலக் கீழே தொங்கி, சிலசமயம் தரையையே தொட்டுவிடும். 2013 மே, ஜூன் மாதங்களில் லாஸ் வேகாஸ் அருகே ஏஞ்சல் பீக் என்ற மலையில் லேசர் கருவியை நிறுத்தி, அந்த நுனி இறங்குவதை விஞ்ஞானிகள் நேரடியாகவே கவனித்தார்கள். வலுவான லா நினாக் குளிர்காலத்துக்கு அடுத்து வரும் வசந்தத்தில் இப்படிப்பட்ட ஊடுருவல்கள் கூடுகின்றன என்று லின் குழு காட்டியது. எல் நினோ மேலே உயரத்தில் ஓசோனைக் கூட்டினாலும் அதன் பாதிப்பு அங்கே தரைவரை இறங்குவதில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

இதை வெறும் அறிவு விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி எட்டு மணிநேரச் சராசரி ஓசோன் 70 பிபிபியைத் தாண்டக் கூடாது. பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. 2015க்கு முன் அந்த வரம்பு 75 ஆக இருந்தது. தாண்டும் மாவட்டங்கள் தொழிற்சாலைகளுக்குக் கடிவாளம் போட்டாக வேண்டும். வானத்திலிருந்து விழுந்த ஓசோன் என்று நிரூபித்தால் அந்த நாளை விதிவிலக்காக ஒதுக்கலாம். நிரூபிக்கக் கருவி வேண்டும், கருவி சரியான நாளில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் பசிபிக் குளிர்ந்திருப்பதைப் பார்த்து வசந்தத்துக்குத் தயாராகச் சில மாதம் அவகாசம் கிடைக்கிறது என்றால் அந்த மாவட்ட அதிகாரிகளுக்கு அது பெரிய விஷயம்.

நாட்டின் மறுகோடிக்குப் போனால் கடலும் மாறுகிறது, காலமும் நீள்கிறது. வட அட்லாண்டிக்கின் மேற்பரப்பு முப்பது நாற்பது ஆண்டு வெதுவெதுப்பாகவும், அடுத்த முப்பது நாற்பது ஆண்டு குளிர்ச்சியாகவும் இருந்து வந்திருக்கிறது. 1930கள் முதல் 50கள் வரை வெம்மை. 1960களிலிருந்து 90களின் நடுப்பகுதி வரை குளிர்ச்சி. பிறகு மறுபடி வெம்மை. ஹார்வர்டின் லூ ஷென், லொரெட்டா மிக்லி முதலானோர் 2017இல் காட்டியது இது: அட்லாண்டிக் குளிர்நிலையிலிருந்து வெம்மைநிலைக்கு மாறும் அந்த 35 ஆண்டு அரைச்சுற்றில், கிழக்கு அமெரிக்காவின் பெரும்பகுதியில் கோடைக்கால ஓசோன் 1 முதல் 4 பிபிபி வரை கூடுகிறது. காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. கடல் வெம்மையானால் கோடை சூடாகிறது, உலர்கிறது, காற்று அசையாமல் கிடக்கிறது. அசையாத சூட்டில் ஓக் காடுகள் ஐசோப்ரீனைக் கக்க, நகரப் புகை கலைய வழியில்லாமல் அங்கேயே வெந்து ஓசோனாகிறது.

4 பிபிபி ஒரு எண்ணா என்று கேட்கத் தோன்றும். வரம்பை 75இலிருந்து 70க்குக் குறைப்பதற்காக எத்தனை ஆண்டு வழக்கும் வாதமும் நடந்தன என்பதை நினைத்தால் தோன்றாது. 1990களின் இறுதியிலிருந்து கிழக்கு மாநிலங்கள் அனல்மின் நிலையங்களின் நைட்ரஜன் ஆக்சைடைக் கடுமையாக வெட்டின. ஓசோனும் இறங்கியது. சரியாக அதே காலத்தில் அட்லாண்டிக் வெம்மைக்குத் திரும்பி, ஓசோனை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் அந்தச் சட்டங்கள் எண்களில் தெரிந்ததைவிட நன்றாகவே வேலை செய்திருக்கின்றன. கடல் அவர்களுடைய மதிப்பெண்ணில் கொஞ்சம் கழித்துவிட்டது. எதிர்காலத்தில் அட்லாண்டிக் குளிர்ந்தால் ஓசோன் தானாகவே கொஞ்சம் இறங்கும். அப்போது உட்கார்ந்திருக்கும் ஆட்சி, தான் ஒன்றும் செய்யாமலே காற்று சுத்தமானதாக மார்தட்டிக்கொள்ளும். அரசியல்வாதிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை இது நிச்சயம் நடக்கும்.

அட்லாண்டிக் அப்படித் தானாகவே குளிருமா என்பதில் ஒரு சச்சரவு இருக்கிறது. இந்த அலைவுக்கு 2000ஆம் ஆண்டில் பெயர் புழக்கத்துக்கு வந்தபோது அதில் பங்கிருந்த மைக்கேல் மான், இப்போது அப்படி ஒரு தானியங்கும் ஊசலே இல்லை என்று வாதிடுகிறார். எரிமலைத் தூசியும் தொழிற்சாலைத் தூசியும் வெயிலை மறைத்தும் விட்டும் கடலைக் குளிர்வித்துச் சூடாக்கியதைத்தான் நாம் ஊசல் என்று நினைத்துவிட்டோம் என்பது அவர் கட்சி. கடல்நீரோட்டங்களே காரணம் என்பாரும் வலுவாக இருக்கிறார்கள். மான் சொல்வது சரியென்றால் ஒரு வினோதம் விளையும்: கிழக்கு அமெரிக்காவின் புகைத் தூசி குறைந்ததே கடலைச் சூடாக்க உதவி, அந்தச் சூடே ஓசோனை ஏற்றியிருக்கும். ஒரு புகையைக் குறைத்த நல்ல காரியம் கடல் வழியாகச் சுற்றி வந்து இன்னொரு புகையைக் கூட்டியிருக்கும். தன் சொந்தக் குழந்தைக்கே பெயரை மறுக்கும் துணிவு எல்லா விஞ்ஞானிகளுக்கும் வராது. அவர் முடிவை ஏற்கிறேனோ இல்லையோ, அந்தத் துணிவை மதிக்கிறேன்.

நம் பக்கத்தில் எல் நினோ என்றால் மழைக் கணக்கோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை கெடும், வடகிழக்குப் பருவமழை கூடும், 2015 டிசம்பரில் சென்னை மூழ்கிய ஆண்டு ஒரு பெரிய எல் நினோ ஆண்டு. அதே ஆண்டின் அதே எல் நினோ, மூன்று நாலு ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே இந்தோனேசியாவில் மறுபடியும் கரிநிலங்களைப் பற்ற வைத்து 26 லட்சம் ஹெக்டேரை எரித்துக்கொண்டிருந்தது. ஓசோன் ஏற்றப்பலகை 1997இல் ஆடியபடியே அப்போதும் ஆடியது. இங்கே ஊர் மூழ்கியதிலும் அங்கே வானம் மஞ்சளித்ததிலும் ஒரே வெந்நீர் நகர்ந்ததற்குப் பங்குண்டு.

மௌனா லோவாவின் கோடு இன்னும் எழுதப்பட்டு வருகிறது, ஒரு தடுமாற்றத்தோடு. 2022 நவம்பர் 27ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது, 38 ஆண்டு அமைதிக்குப் பிறகு எரிமலை வெடித்தது. மறுநாள் மாலை எரிகுழம்பு ஆய்வகத்துக்குப் போகும் ஒரே சாலையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, அறைகள் இருண்டன. கார்பன் டை ஆக்சைடை அளக்கும் வேலையைத் தற்காலிகமாக எதிரேயிருக்கும் மௌனா கேயா மலைக்கு மாற்றினார்கள். பசிபிக்கில் அப்போது தொடர்ந்து மூன்றாவது லா நினாக் குளிர்காலம் நடந்துகொண்டிருந்தது.